ஒரு முழுப் புள்ளி

மார்ச் 4

அக்காவுக்கு,

ஒன்பது நாளாக நீ போனில் கூப்பிடுகிறாய், நான் எடுக்கவில்லை. எடுத்தால் கத்திவிடுவேன். கடையில் ஆட்கள் நிற்கும்போது கத்த முடியாது, வீட்டில் என் பெண் நண்டு இருக்கும்போதும் முடியாது. எழுதினால் கொஞ்சம் மரியாதையோடு திட்டுவேன் என்று ஒரு நம்பிக்கை.

ஜிம்னாஸ்டிக்ஸ் போட்டி அன்றைக்கு நான் மேல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நீ தலைமை நடுவர் நாற்காலியில், நான் தைத்துக் கொடுத்த நீலக் கோட்டோடு. நண்டு தரைப் பயிற்சிக்கு வந்து மூலையில் நின்றாள். நீ அவளைத் தலையிலிருந்து கால் வரை பார்த்தாய். பக்கத்து நடுவரிடம் ஏதோ சொன்னாய். காகிதத்தில் எழுதினாய். அதற்குப் பிறகுதான் கையைத் தூக்கி ஆரம்பிக்கச் சொன்னாய்.

அவள் எப்படிச் செய்தாள் என்று உனக்கே தெரியும். கடைசித் தாவலில் இரண்டு பாதமும் ஒட்டவைத்த மாதிரி இறங்கினாள். பெற்ற வயிறு குளிர்ந்துபோனது. அரை மணி கழித்துப் பலகையில் வந்தது: உடை விதி மீறல், அணியின் மொத்தத்தில் ஒரு புள்ளி குறைப்பு. மூன்றாவதாக இருந்த பிள்ளைகள் நான்காவதாகப் போனார்கள். அரைப் புள்ளிகூட வித்தியாசம் இல்லை. முதல் மூன்று அணிகளுக்குத்தான் தேசியப் போட்டி.

அவளுக்கு மட்டும் குறைத்திருந்தால் அழுது தீர்த்துவிட்டு விட்டிருப்போம். ஆறு பேருடைய ஒரு வருஷ உழைப்பைக் கொண்டுவந்து அவள் தலையில் போட்டுவிட்டாய்.

திரும்பும்போது பஸ்ஸில் அவள் பக்கத்தில் ஒருத்தியும் உட்காரவில்லை. அணித் தலைவி நெட்டையைத் தெரியுமே, நம் வீட்டிலேயே விழுந்து எழுந்து வளர்ந்தவள். அவள் கேட்டாளாம்: "எங்க அஞ்சு பேருக்கும் இல்லாத வெக்கம் உனக்கு மட்டும் எங்கேருந்து வந்துச்சு?" நண்டு வீட்டுக்கு வந்தாள், பையைத் தூக்கி அலமாரி மேலே போட்டாள். "இனிமே போகலம்மா" என்றாள். அவ்வளவுதான். ஆறு வயதிலிருந்து ஒரு நாள் தவறாமல் போன பிள்ளை.

கால் முழுக்க மூடுகிற அந்த உடையை நான் நான்கு நாள் உட்கார்ந்து தைத்தேன். இழுத்தால் இழுபடும் துணி, தையல் ஓரிடத்தில் பிடித்தாலும் தாவும்போது கிழிந்துவிடும். அதை நீ போட்டிக்கு முன் பயிற்சி நேரத்திலேயே பார்த்திருப்பாய். அப்போதே ஒரு வார்த்தை சொல்ல உனக்கு வாய் வரவில்லையா?

நீ நடுவர், சரி. அவளுக்குப் பெரியம்மாவும்தானே. அன்றைக்கு அந்த அரங்கத்தில் நீ யாராக உட்கார்ந்திருந்தாய் என்று மட்டும் எனக்கு எழுது.

உன் தங்கை

மார்ச் 12

அன்புள்ள தங்கச்சிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நீ கேட்ட வரிசையிலேயே பதில் எழுதுகிறேன்.

பயிற்சி நேரத்திலேயே பார்த்தேன். உடனே உங்கள் கோச்சைக் கூப்பிட்டேன். "முழுக்கால் உடை போடலாம், தப்பில்ல. ஆனா அணிப் போட்டியில ஆறு பேரும் ஒரே மாதிரி போடணும். இன்னும் நாப்பது நிமிஷம் இருக்கு, ஏதாவது பண்ணுங்க" என்று சொன்னேன். "சரி மேடம், பாத்துக்கறேன்" என்றார். நான் மேஜைக்குத் திரும்பினேன். போட்டி தொடங்கியபோது நண்டு அதே உடையில் வந்து நின்றாள். அதற்கு மேல் அது என் கையில் இல்லை. அந்தக் குற்றத்துக்கு ஒரு புள்ளி என்று அச்சடித்திருக்கிறது. அரைப் புள்ளி, கால் புள்ளி என்று நான் பேரம் பேச முடியாது.

அவள் என் தங்கை மகள் என்று ஒரு மாதம் முன்பே எழுதிக் கொடுத்திருந்தேன். வேறு ஆள் இல்லை, நீங்களே இருங்கள் என்றார்கள். நான் கண்டுகொள்ளாமல் விட்டிருந்தால், நான்காவதாக இருந்த அணியின் கோச் அடுத்த நிமிஷமே புகார் மனுவோடு வந்து நின்றிருப்பார். அப்போதும் அந்தப் புள்ளி போயிருக்கும். கூடவே என் பெயரும் போயிருக்கும்.

நீ நினைப்பது போல எனக்கு விதிப் புத்தகத்தின் மேல் காதல் ஒன்றும் இல்லை. நடுவர்களான எங்களுக்கும் உடை விதி உண்டு. நீலக் கோட்டு, வெள்ளைச் சட்டை, கறுப்புக் காலணி. ஒரு தடவை சாம்பல் நிறக் காலணியோடு போய் எச்சரிக்கைக் கடிதம் வாங்கியவள் நான். ஆனால் தோற்றத்துக்கு மார்க் போட விதி இல்லாத காலத்தையும் நான் பார்த்திருக்கிறேன். நான் விளையாடியபோது 'மொத்தத் தோற்றம்' என்று ஒரு பத்தி இருந்தது. அதில் கைக்கு வந்ததைப் போடுவார்கள். என் காதுபட ஒருவர் சொன்னார்: "நல்லாத்தான் பண்றா, ஆனா ஆளு கறுப்பு, எடுபடல." இன்றைக்கு எந்த நடுவரும் அப்படி ஒரு மார்க் குறைக்க முடியாது. ஏன் குறைத்தாய் என்று கேட்டால் விதியைக் காட்ட வேண்டும். அதற்காக நாங்கள் சிலர் பத்து வருஷம் கடிதம் எழுதினோம். விதி வேண்டும் என்று கேட்டு வாங்கிவிட்டு, சொந்தக்காரப் பிள்ளை வந்ததும் அதை மடித்து வைக்கவா?

எனக்குப் புரியாதது ஒன்றுதான். ஆறு வயதிலிருந்து எல்லாப் பிள்ளைகளையும் போல உடுத்தியவளுக்குத் திடீரென்று காலை மறைக்க என்ன வந்தது? உனக்காவது தெரிந்திருக்கும். நீ என்னிடம் முன்பே சொல்லியிருந்தால் இந்த வம்பே இல்லை.

நண்டுவிடம் நான் விசாரித்ததாகச் சொல்.

உன் அக்கா

மார்ச் 21

அக்கா,

உன் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். இரண்டாவது தடவை உன் மேல் கோபம் குறைந்தது. கோச் மேல் வந்தது. அதை அப்புறம் சொல்கிறேன்.

"திடீரென்று என்ன வந்தது" என்று கேட்டாயே. யாரிடமும் சொல்லக்கூடாது என்று நண்டு என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நேற்று அவளிடமே போய், "பெரியம்மா கேக்குறா, சொல்லட்டுமா?" என்றேன். சுவரைப் பார்த்தபடி, "சொல்லிக்கோ" என்றாள். அதனால் எழுதுகிறேன்.

ஜனவரியில் கிளப்புகளுக்குள் ஒரு சின்னப் போட்டி நடந்தது. பார்வையாளர் வரிசையிலிருந்து யாரோ அவளைப் படம் எடுத்திருக்கிறார்கள். பீம் கட்டை மேல் அவள் தலைகீழாகத் திரும்பும் நொடி. முகத்தை வெட்டிவிட்டு மீதியை மட்டும் வைத்து, கீழே ஓர் அசிங்கமான வரியும் எழுதி அனுப்பியிருக்கிறார்கள். முகம் இல்லாவிட்டால் என்ன, உடையின் நிறம் இருக்கிறதே. பள்ளியில் கண்டுபிடித்துவிட்டார்கள். மூன்று வாரம் அது ஒவ்வொரு போனாகச் சுற்றியிருக்கிறது. அவள் என்னிடம் வாயே திறக்கவில்லை. வெயிலில்கூட ஸ்வெட்டரை இடுப்பில் கட்டிக்கொண்டு போனாள். "என்னடி இது புது ஸ்டைல்?" என்று நான் வேறு கேலி செய்தேன். அக்கா, அதை நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

கடைசியில் பள்ளிக்கூட ஆசிரியை கூப்பிட்டுச் சொல்லித்தான் எனக்குத் தெரியும். போய்ச் சண்டை போட்டேன். எல்லாரும் அழித்துவிட்டார்கள் என்று சொன்னார்கள். அழித்தார்களா இல்லையா என்று யாருக்குத் தெரியும்? அன்றைக்கு மாலை அவள் சொன்னாள்: "கால் மூடுற மாதிரி தைச்சுக் குடு. இல்லேன்னா நான் போட்டிக்குப் போகல." நான் கடையைச் சாத்திவிட்டு அளவெடுத்தேன்.

இப்போது என் பங்குக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை அவளிடம்கூட நான் சொல்லவில்லை. தைப்பதற்கு முன் நீ கொடுத்த விதிப் புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். 'கணுக்கால் வரை மூடும் உடை அனுமதிக்கப்படும்' என்று இருந்தது. மகிழ்ச்சியில் புத்தகத்தை மூடிவிட்டேன். அதற்கு அடுத்த வரியில்தான் அணியைப் பற்றி இருக்கிறது. உன் கடிதம் வந்த பிறகுதான் பார்த்தேன். துணியைக் குறித்துவிட்டு இன்னொரு தடவை சரிபார்க்காமல் கத்தரி வைக்கிறவள் நான் இல்லை. அன்றைக்கு வைத்துவிட்டேன்.

கோச் விஷயம். நீ அவரிடம் சொன்னது நண்டு காதுக்கு வரவே இல்லை. அவர் நேராக வந்து அவளிடம் சொன்னது இதுதான்: "கவலப்படாத. உங்க பெரியம்மாதானே உக்காந்திருக்காங்க, பாத்துப்பாங்க." மாற்று ஆளாக ஏழாவது பிள்ளை ஒருத்தி உடுத்தித் தயாராக உட்கார்ந்திருந்தாள். விஷயம் தெரிந்திருந்தால் நண்டு தானே விலகியிருப்பாள். அழுதிருப்பாள், ஆனால் விலகியிருப்பாள். அந்தத் தீர்மானத்தை அவளுக்கு யாரும் விட்டுவைக்கவில்லை.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டாய். நான் சொல்லலாம் என்றுதான் சொன்னேன். அவள்தான் வேண்டாம் என்றாள். "பெரியம்மா நல்லவங்கதாம்மா. ஆனா எதச் சொன்னாலும் அவங்களுக்கு முதல்ல புக்குதான் ஞாபகம் வரும்."

எழுதலாமா வேண்டாமா என்று யோசித்தேன். எழுதிவிட்டேன்.

தங்கை

ஏப்ரல் 3

அன்புள்ள தங்கச்சிக்கு,

இந்தக் கடிதத்தை மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதையும் கிழிப்பதற்குள் தபாலில் போட்டுவிட வேண்டும்.

நீ கேட்டது நியாயமான கேள்வி. அன்றைக்கு நான் யாராக இருந்தேன்? போன கடிதத்தில் அதற்கு நான் பதில் எழுதவில்லை, சுற்றிவளைத்துவிட்டேன்.

வேறு யாராவது ஒரு பிள்ளை அப்படித் தனியாக ஓர் உடையில் வந்திருந்தால், பயிற்சி நேரத்தில் நானே இறங்கிப் போயிருப்பேன். "என்னம்மா, கால்ல அடியா? உங்க அணியில எல்லாரும் வேற போட்டிருக்காங்களே, தெரியுமா?" என்று கேட்டிருப்பேன். போட்டி தொடங்கும் முன் கேட்பதில் தடையில்லை, நான் பலரிடம் கேட்டிருக்கிறேன். இவள் நம் பிள்ளை என்பதால் போகவில்லை. நான் அவள் பக்கம் நடந்தால் நாலு பேர் பார்ப்பார்கள், பேசுவார்கள். யாரிடம் சொல்ல வேண்டுமோ அவரிடம் சொல்லியாகிவிட்டது என்று என்னை நானே சமாதானம் செய்துகொண்டு உட்கார்ந்தேன். எல்லோருக்கும் ஒரே விதி என்று உனக்கு எழுதினேன். உண்மையில் மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுத்ததில் ஒன்றை அவளுக்கு நான் கொடுக்கவில்லை.

அவள் மூலையில் நின்று என்னைப் பார்த்தாள். பயமில்லாத பார்வை. பெரியம்மா பார்த்துக்கொள்வாள் என்ற பார்வை அது என்று உன் கடிதம் படித்த பிறகுதான் எனக்கு விளங்கியது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பதினான்கு வயதில் நான் போட்டியை விட்டேனே, கணுக்கால் பிசகியதால் என்று வீட்டில் எல்லாரும் நம்பினீர்கள். என் கணுக்காலுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசிப் போட்டி அன்றைக்கு எனக்கு மாதத் தூரம். பயத்தில் உள்ளாடை இரண்டு உடுத்திக்கொண்டு போனேன். ஓரம் அரை அங்குலம் வெளியே தெரிந்தது. தலைமை நடுவர் ஆட்டத்தை நிறுத்தி, என்னை நடு அரங்கில் நிற்க வைத்துக்கொண்டு, என் கோச்சிடம் சத்தமாகக் கேட்டார்: "இந்தப் பொண்ணுக்கு ஒழுங்கா உடுத்தக்கூடச் சொல்லித் தரலயா?" முதல் வரிசை சிரித்தது. புள்ளி குறைந்தது. வீட்டுக்கு வந்து கால் வலி என்று படுத்துக்கொண்டேன். நீ எட்டு வயதுப் பிள்ளை. ஒரு வாரம் என் நல்ல காலுக்கு உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்தாய். நான் வாயைத் திறக்கவில்லை.

வளர்ந்து நான் அதே நாற்காலிக்கு வந்தேன். யாரையும் சத்தம் போட்டு அவமானப்படுத்தியதில்லை. அதுவே போதும் என்று நினைத்துவிட்டேன்.

இந்த மாதம் பதினெட்டாம் தேதி விதிக் கமிட்டி கூடுகிறது. ஒரு திருத்தம் கொண்டுவரப் போகிறேன். துணியும் நிறமும் வேலைப்பாடும் ஒன்றாக இருந்தால் போதும், கால் நீளம் அவரவர் விருப்பம். காரணம் கேட்பார்கள். நண்டுவுக்கு நடந்ததைச் சொன்னால் ஒருவராலும் மறுத்துப் பேச முடியாது. ஆனால் அது அவளுடையது. பெயரைச் சொல்ல மாட்டேன். சொல்லலாமா என்று அவளிடம் கேட்டு எழுது. வேண்டாம் என்றால் வேண்டாம்.

அக்கா

ஏப்ரல் 10

அன்புள்ள அக்காவுக்கு,

ஒத்தடம் கொடுத்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது. துணியைச் சூடு பண்ணும்போது கையைச் சுட்டுக்கொண்டதும் ஞாபகம் இருக்கிறது. போடி, கள்ளி. நாற்பது வருஷம் எப்படி மூடி வைத்திருந்தாய்? எனக்குப் படிக்கும்போது சிரிப்பு வந்தது, பிறகு அழுகை வந்தது. வாடிக்கையாளர் ஒருத்தி "யாராவது தவறிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டாள்.

உன் கடிதத்தை நண்டுவிடமே கொடுத்தேன். கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். வெளியே வந்து சொன்னதை அவள் வார்த்தையிலேயே எழுதுகிறேன்.

"வேணாம்மா. பேரு சொல்லலேன்னாலும் வேணாம். இவங்க சொல்லுவாங்க, அங்க இருக்கற ஆளுங்க ஒவ்வொருத்தரும் மனசுக்குள்ள அந்தப் படத்த ஒரு தடவ பாப்பாங்க. மறுபடியும் அது சுத்த ஆரம்பிச்சிடும்."

நான் சரி என்றேன். சாப்பிட உட்கார்ந்தோம். பாதியில் தலை நிமிராமலே கேட்டாள்: "பெரியம்மாவுக்கு நடந்தது இருக்கில்ல? அத அவங்க சொல்லலாமே."

நான் கண்டித்தேன், "பெரியவங்ககிட்ட அப்படிக் கேக்கக்கூடாது" என்று. "என்கிட்ட மட்டும் அவங்க கேக்கலாமா?" என்றாள். அதை அப்படியே உனக்கு அனுப்புகிறேன். நீ தீர்மானித்துக்கொள்.

இதோடு ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறேன். ஒரே துணியில், ஒரே கல் வேலைப்பாட்டில் மூன்று உடை. ஒன்று வழக்கமானது, ஒன்று முழங்கால் வரை, ஒன்று கணுக்கால் வரை. மேஜை மேல் விரித்து வை. தூரத்திலிருந்து பார்த்தால் ஓர் அணிக்குத் தைத்தது என்று குழந்தைகூடச் சொல்லும். வாயால் விளக்கினால் உங்கள் ஆட்களுக்குப் புரியாது, எனக்குத் தெரியும். கண்ணால் பார்த்தால் புரிந்துதான் ஆக வேண்டும்.

உன் தங்கை

ஏப்ரல் 20

அன்புள்ள தங்கச்சிக்கு, நண்டுவுக்கும்,

கூட்டம் முடிந்தது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

ஒன்பது பேர், அதில் பெண்கள் மூவர். உன் மூன்று உடைகளையும் மேஜையில் விரித்தேன். ஒருவர் தொட்டுப் பார்த்து, "நல்ல தையல்" என்றார். பிறகு தலைவர் கேட்டார்: "இதுக்கு இப்ப என்ன மேடம் அவசியம்? இத்தன வருஷமா யாரும் புகார் பண்ணலயே."

எழுந்து நின்றேன். மேஜையைப் பிடித்துக்கொண்டேன். "நான் பண்ணல சார்" என்றேன். "பண்ணியிருக்கணும். பதினாலு வயசுல எனக்கு ஒண்ணு நடந்தது." சொல்லி முடிக்க நாலைந்து நிமிஷம் ஆகியிருக்கும். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

தலைவர் தொண்டையைச் செருமினார். "மேடம், இது டெக்னிக்கல் கமிட்டி."

"ஆமா சார், டெக்னிக்கலாத்தான் சொல்றேன். அர அங்குலத் துணி. அதுக்கு ஒரு விதி இருந்தது. அந்த விதியால ஒரு பொண்ணு விளையாட்ட விட்டுட்டா."

குறிப்பெழுதும் செயலர் சின்னப் பெண். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இதெல்லாம் எழுதணுமா மேடம்?" என்று மெதுவாகக் கேட்டாள். "எழுதுங்க" என்றேன். எழுதினாள்.

வாக்கெடுப்பில் ஐந்துக்கு நான்கு. அடுத்த பருவத்திலிருந்து கால் நீளம் அவரவர் விருப்பம். இன்னொன்றும் கேட்டிருந்தேன்: உடையில் குறை இருந்தால் கோச்சிடம் மட்டும் சொல்லாமல், அந்தப் பிள்ளையிடமும் நேரடியாகச் சொல்ல வேண்டும் என்று. அது தோற்றது. கோச்சுகளின் மரியாதை கெடும் என்றார்கள். அடுத்த கூட்டத்தில் மறுபடியும் கொண்டுவருவேன். போன போட்டியின் முடிவு மாறாது. அந்த ஒரு புள்ளி போனது போனதுதான். அதைத் திருப்பித் தர என்னால் முடியவில்லை.

கோச்சோடும் பேசினேன். "நீங்க விட்டுடுவீங்கன்னு நெனச்சேன் மேடம்" என்றார். திட்டவில்லை. அவர் அப்படி நினைத்தார், நான் இறங்கிப் போகவில்லை, இரண்டுக்கும் நடுவில் பிள்ளை நின்றாள்.

அணிப் பிள்ளைகள் ஐந்து பேருக்கும் ஒரு கடிதம் எழுதி, என் கையெழுத்துப் போட்டு, நேற்று கிளப்புக்கே அனுப்பிவிட்டேன். அதில் இரண்டே செய்திதான். உடை விஷயம் போட்டிக்கு நாற்பது நிமிஷம் முன்பே கோச்சிடம் சொல்லப்பட்டது. நண்டுவிடம் யாரும் சொல்லவில்லை, நான் உட்பட. அவள் ஏன் அந்த உடை உடுத்தினாள் என்பதைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை.

நண்டு, உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். காகிதத்தில் கேட்டால் தப்பித்துக்கொள்கிற மாதிரி இருக்கும். நேரில் வந்து கேட்கிறேன். நீ எப்போது வரச் சொல்கிறாயோ அப்போது.

பெரியம்மா

மே 15

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. சொல்வதற்கு ஏதாவது நடக்கட்டும் என்று காத்திருந்தேன்.

உன் கடிதத்தைக் கிளப்பில் யாரோ அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டார்களாம். கோச் கிழித்தாராம், மறுநாள் நகல் எடுத்து மறுபடியும் ஒட்டினார்களாம். யார் செய்தது என்று தெரியவில்லை. பத்து நாள் அதற்கு மேல் ஒன்றும் நடக்கவில்லை. நண்டு பள்ளிக்குப் போனாள், வந்தாள், எனக்குச் சட்டைகளுக்குப் பட்டன் காஜா எடுத்துக் கொடுத்தாள். நானும் எதுவும் கேட்கவில்லை.

இரண்டு வாரத்துக்கு முன் சனிக்கிழமை மாலை கடை வாசலில் செருப்புச் சத்தம். ஐந்து பேரும் வந்து நின்றார்கள். புதுப் பருவத்துக்கு உடை தைக்க வேண்டுமாம். நெட்டைதான் பேசினாள், என்னைப் பார்த்து மட்டும். நண்டு உள்ளே துணி மடித்துக்கொண்டிருந்தாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு, "அளவ யாராவது எடுத்துச் சொல்லுங்கடி, எனக்குக் குனிஞ்சா முதுகு வலிக்குது" என்றேன். என் முதுகுக்கு ஒன்றும் இல்லை. நமக்கு இதெல்லாம் பரம்பரைப் பழக்கம் போலிருக்கிறது.

நண்டு எழுந்து வந்தாள். டேப்பை எடுத்தாள். முதலில் நெட்டைக்கு அளவெடுத்தாள். நெட்டை வழக்கமான உடையே போதும் என்றாள். சொல்லிவிட்டு, "பஸ்ல நான் பேசினது..." என்று ஆரம்பித்தாள். "கையத் தூக்கு, மார்பளவு எடுக்கணும்" என்றாள் நண்டு. அவள் தூக்கினாள். அந்தப் பேச்சு அப்படியே நின்றது. மன்னித்தாளா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. அடுத்த இரண்டு பேரும் வழக்கமானதுதான். நான்காவது பிள்ளை முழங்கால் வரை என்றாள். எல்லாரையும்விடச் சின்னவள், பன்னிரண்டு வயதுகூட நிரம்பவில்லை, கடைசியாக வந்தாள். நண்டு காதில் ஏதோ சொன்னாள். நண்டு அவளை ஒரு நொடி பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "கணுக்கால் வரைக்கும். எழுதிக்கம்மா" என்றாள். ஏன் என்று நாங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

போகும்போது நெட்டை வாசலில் நின்று, "திங்கக்கெழம பயிற்சி அஞ்சு மணிக்கு மாத்திட்டாங்க" என்று தெருவைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போனாள். நண்டு அந்தத் திங்கட்கிழமை போகவில்லை. இந்தத் திங்கட்கிழமையும் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை உன்னை வரச் சொல்கிறாள். காலையிலேயே வா. நீ என்ன பேசப் போகிறாய் என்று நானும் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் தோன்றவில்லை. நீயும் ஒத்திகை பார்த்துக்கொண்டு வராதே.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவள் வந்து முன்னால் நின்றாள், டேப்பை நீட்டிக்கொண்டு. "எனக்கும் எடும்மா. பழைய அளவு சரியா வராது" என்றாள். எடுத்தேன். தோளிலிருந்து இடுப்பு வரை ஒன்றரை அங்குலம் கூடியிருக்கிறது. ஜனவரியிலிருந்து இந்தப் பிள்ளை வளர்ந்துகொண்டேதான் இருந்திருக்கிறாள், அக்கா, நான்தான் கவனிக்கவில்லை. எல்லாம் எழுதிவிட்டுக் கால் எது வரைக்கும் வைக்கட்டும் என்று கேட்டேன்.

"அத இப்ப எழுதாத. யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

அந்த இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன்.

உன் தங்கை